இடது வரிசைக்காரி

ஸ்கிரீன்கடை அக்காவிடம் கேள்வி கேட்டு நேரான பதில் வாங்கியவர் அந்தக் கடைத்தெருவில் யாரும் கிடையாது. "இந்தத் துணி சாயம் போகுமா?" என்று கேட்டால், "உங்க வீட்டுல வெயில் எப்படி?" என்பாள். "கடைசி விலை என்ன?" என்றால், "முதல் விலையே இன்னும் சொல்லலையே" என்பாள். ஜன்னல் திரைச்சீலை விற்றே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். பிடி கொடுக்காமல் பேசுவது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி. அப்படிப்பட்டவளே ஒரு நாள் மதியம், கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கேட்டது ஒரு சின்னப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பதில் குறிக்க ஒரு டேப்லெட், வெயிலில் வெந்து சிவந்த மூக்கு. அவளிடம் கொடுத்து அனுப்பிய கேள்வி நீளமாகத்தான் இருந்திருக்கும். 'அரசியல் கருத்துகளைப் பொறுத்தவரை தாங்கள் தங்களை எந்தப் பக்கத்தவர் என்று கருதுகிறீர்கள்' என்று காலையில் வேறு ஏதோ தெருவில் முழுசாகப் படித்திருப்பாள் பாவம். கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அது தேய்ந்து எலும்பும் தோலுமாகியிருந்தது.

"நீங்க இடதா, வலதா, நடுவா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது அரசியல் கேள்வி. அந்தத் தெருக்காரர்களுக்கு இது முகவரி. பஸ் நிலையத்திலிருந்து உள்ளே நுழைந்தால் இடக்கைப் பக்கம் இருப்பது இடது வரிசை. மதியத்துக்கு மேல் வெயில் மொத்தமும் அங்கேதான் கொட்டும். எதிரே நிழல் விழுகிற வரிசை வலது. நிழலுக்கும் சேர்த்து அங்கே வாடகை வாங்குவார்கள். இரண்டுக்கும் மத்தியில் தள்ளுவண்டிக்காரர்கள் நிற்பார்கள். அவர்கள் நடு. மறுமுனையிலிருந்து வருகிறவனுக்கு இடது வலதாகிவிடுமே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. மறுமுனையில் இருப்பது குப்பைக்கிடங்கு.

போதாக்குறைக்குத் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த வரிசையை இடிப்பார்கள் என்பதுதான் தெருவின் ஒரே தலைவலி. டேப்பும் கையுமாக ஒரு பெண் வந்து நின்று, இடதா வலதா என்று கேட்டால் யாருக்கு என்ன தோன்றும்?

"இடதுதாம்மா," என்றாள் அக்கா.

"எவ்வளவு உறுதியா?"

"பத்திரமே இருக்கு. எடுத்துக் காட்டவா?"

அந்தப் பெண் சிரித்தாள். "நல்லாப் பேசுறீங்க. ரொம்ப நாளாவா?"

"எங்க அப்பா காலத்துல இருந்து. வலதுக்கு வா, வலதுக்கு வான்னு எத்தனையோ பேர் கூப்பிட்டாங்க. போகலையே! நல்லா அழுத்திக் குறிச்சுக்கோ."

பெண் அழுத்திக் குறித்துக்கொண்டாள். "வர்ற தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போடுவீங்க?"

இந்தக் கேள்வி மட்டும் அரசியல் என்பது அக்காவுக்குப் புரிந்தது. எல்லாக் கட்சிக்காரன் வீட்டிலும் ஜன்னல் உண்டு.

"கடை வெச்சிருக்கிறவகிட்ட அதெல்லாம் கேக்கக்கூடாதும்மா. தண்ணி குடிக்கிறியா?"

*

அடுத்த வாரம் தம்பி கடைக்கு வந்தான். நகரசபைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அக்காவைவிட ரொம்பச் சின்னவன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், இவள் இடுப்பில் வளர்ந்தவன். அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். சங்கத்தில் கொடி பிடித்து, ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தி, அடிபட்டு, கடைசியில் இந்தச் சின்னக் கடையை வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு இடதுசாரிக் கட்சி என்பது கூலிக்கான சண்டை. தம்பிக்கு அது ரத்தத்தில் ஊறியது.

அவனோடு கட்சி அமைப்பாளரும் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் ஆள்காட்டி விரலால் காற்றில் அடிக்கோடு போடுகிற பழக்கம்.

"அக்கா, உக்காந்து கேளு."

"நான் உக்காந்துதான்டா இருக்கேன். நீ உக்காரு மொதல்ல."

"என்னை நிறுத்துறாங்கக்கா."

"பள்ளிக்கூடத்துலயா? என்னடா பண்ணின?"

"ஐயோ, தேர்தல்லக்கா! நம்ம வார்டுல!"

அக்காவின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. நகரசபைச் சம்பளம் வாங்குகிறவன் நகரசபைத் தேர்தலில் நிற்க முடியாது என்பது ஊரறிந்த சட்டம். மனு போடுவதற்கு முன்னால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தோற்றால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேலையோடு பள்ளிக்கூட வளாகத்துக்குள் கொடுத்திருக்கிற வீடும் போகும். அவனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும்.

"வேலை?"

"திங்கக்கிழமை எழுதிக் குடுக்கப் போறேன்."

"ஜெயிச்சுடுவியா?"

தம்பி அமைப்பாளரைப் பார்த்தான். அமைப்பாளர் விரலைத் தூக்கினார்.

"அம்மா, இந்த வார்டுல இத்தனை வருஷமா நாங்க பேருக்கு ஒரு ஆளை நிறுத்தி, பேருக்குத் தோத்துட்டு இருந்தோம். இந்தத் தடவை அறிவியல்பூர்வமா ஆய்வு நடத்தினோம். ஆச்சரியம் என்னன்னா, இந்த ஒரே தெருவுல, இந்த வரிசை முழுக்க, ஒரு கடை விடாம, இடது! எதிர் வரிசை முழுக்க வலது! தள்ளுவண்டிக்காரங்க எல்லாரும் மையவாதிகள்!"

"நடுவுல," என்றாள் அக்கா, மெதுவாக.

"ஆமா, நடுவுல. நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்தப் பக்கம் நிழல், வாடகை ஜாஸ்தி, வசதியான வர்க்கம். இந்தப் பக்கம் வெயில், உழைப்பு, வேர்வை. பொருளாதார நிலைதான் சிந்தனையைத் தீர்மானிக்குதுங்கிறதுக்கு இதைவிட நிரூபணம் வேணுமா? உங்க வரிசையில கடைக்கு மேல குடியிருக்கிறவங்க, பின் சந்து வீடுங்க, எல்லாத்தையும் சேர்த்தா இந்த வார்டு நம்ம கையில!"

அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதைத் தும்மலாக மாற்றினாள். திங்கட்கிழமை அவன் வேலையை எழுதிக் கொடுக்கப் போகிறான் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

"தம்பி, அது வந்து…"

"நீயும் இடதுன்னு சொன்னியாமே! அப்பா காலத்துல இருந்துன்னு, வலதுக்குக் கூப்பிட்டும் போகலைன்னு! அந்தப் பொண்ணு தனியாக் குறிப்பு எழுதிருக்கா. கட்சி ஆபீஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்கக்கா!"

சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து மயங்கி நிற்கிற வாடிக்கையாளரிடம், இது மூன்று சலவை தாங்காது என்று எந்தக் கடைக்காரி சொல்லுவாள்? பழக்கம் வாயைக் கட்டியது. அதோடு வேறொன்றும் இருந்தது. அது கடை முகவரி என்று சொன்னால், 'சரி, அப்படியானால் நீ நிஜமாகவே எந்தப் பக்கம்?' என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியின் பக்கத்தில் போக அக்காவுக்கு விருப்பமில்லை.

"டீ சொல்லட்டுமா?" என்றாள்.

*

அவர்கள் போனதும் கல்லாவைப் பூட்டிவிட்டு வரிசையில் இறங்கி நடந்தாள். ஒருவேளை தன் புத்திதான் கோணலோ, மற்றவர்கள் கேள்வியைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்களோ என்று ஒரு நப்பாசை.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் ஒரு காலணிக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"இடதுன்னேன். வேற என்ன சொல்ல? எதிர்ல என்ன என் மாமனாரா கடை வெச்சிருக்காரு?"

"வேற எதுவும் தோணலையா?"

"தோணுச்சே. இடதுன்னு எழுதிக்கிட்டா இடிக்கப் போறது நம்ம பக்கம்தானோன்னு பயமா இருந்துச்சு. வலதுன்னு மாத்திச் சொல்லிடலாமான்னுகூடப் பாத்தேன்."

"சரி, அதை விடுங்க. என் தம்பி தேர்தல்ல நிக்கப் போறான்."

"யாரு, வாத்தியாரா?" செருப்புக்கடைக்காரர் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "தங்கமான புள்ளை ஆச்சே! என் மகளுக்குக் கணக்குன்னு ஒண்ணு தலையில ஏறுச்சுன்னா அவராலதான்! அவரை மாதிரி ஆளுங்கதான் வரணும்மா. நாடு உருப்படும்!"

அக்கா காத்திருந்தாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வந்தால் என்ன செய்வார், குழாயில் தண்ணீர் வருமா, தெருவை இடிப்பாரா, ஒன்றுமே இல்லை. புகழ்ச்சி மட்டும் கொட்டியது. துணியை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு விலையே கேட்காமல் மடித்து வைக்கிறவர்களை அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கடையை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கடிகாரக்கடையிலும் அதே பாட்டு. பாத்திரக்கடைக்கார அம்மா ஒரு படி மேலே போய், அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணீரே விட்டாள். "உங்க அப்பா இருந்து பாக்கணும்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, ஆளுங்கட்சிக்காரங்க போன வாரம் வந்தாங்களே, நம்ம வரிசையை இடிக்க மாட்டோம்னு இந்தத் தடவையும் சொல்லிட்டாங்கதானே?" என்றாள்.

பிறகு தெருவைக் கடந்து பூட்டுக்கடைக்குப் போனாள். எதிர் வரிசைக்காரர். வரிசையில் மட்டுமல்ல, நிஜமாகவே வலது. ஒழுக்கம், கட்டுப்பாடு, பெரியவர்களுக்கு மரியாதை, வேலைநிறுத்தம் செய்கிறவனுக்கு லாடம் என்று காலையிலிருந்து மாலைவரை பேசுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் பூட்டுகளோடு பேசுவார்.

"உன் தம்பியா? கொடி பிடிக்கிற கூட்டமாச்சே அது! வந்தா எல்லாத்தையும் பொதுவுடைமை ஆக்கிடுவானுங்களே. பூட்டே தேவைப்படாது. நான் எங்க போறது?"

"அப்ப போட மாட்டீங்க."

"இரு, இரு. ஏன் அவசரப்படுற? இந்தச் சாக்கடையைப் பத்தி அவன் என்ன சொல்றான்? ஒண்ணும் சொல்லல. தெருவிளக்கு? அதுவும் இல்ல. உலகத்துல எங்கயோ நடக்குற போருக்கு இங்க மைக் கட்டிப் பேசுறான். பின்பக்கம் மழைத் தண்ணி என் சரக்குக்குள்ள வருது, அதுக்கு ஒரு வார்த்தை பேசினானா? வரச் சொல்லு அவனை. நேர்ல கேக்கணும்."

"நீங்க வலதுன்னு சொல்வீங்களே அண்ணே."

"வலதுதான். செத்தாலும் வலதுதான். அதுக்கும் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்?"

திட்டித் தீர்த்தார். நிஜமாகவே துணி வாங்கப் போகிறவர் மாதிரி நூலைப் பிரித்து, கரையை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குற்றம் சொன்னார். திரும்பி வரும்போது அக்காவுக்குத் தலை சுற்றியது. தம்பிக்கு இந்தத் தெருவில் யாராவது ஓட்டுப் போடுவார்கள் என்றால் அது அந்த ஆள் ஒருத்தராகத்தான் இருக்கும். அமைப்பாளர் இதற்கு எந்த விரலால் அடிக்கோடு போடுவார்?

*

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட வளாகத்து வீட்டுக்குப் போனாள். சின்ன வீடுதான். ஆனால் எல்லா அறைக்கும் ஜன்னல் உண்டு, எல்லா ஜன்னலுக்கும் அக்கா கடைத் துணி. குழந்தைகள் வெளியே மைதானத்தில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறவள், அதிகம் பேச மாட்டாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் தைரியம் போய்விடும்.

"தம்பி, அந்தப் பொண்ணு கடை எந்தப் பக்கம்னு கேக்குறான்னு நெனச்சோம்டா. நான் மட்டும் இல்ல. எல்லாரும்."

"எந்தப் பொண்ணு?"

"சர்வே பொண்ணு. இடதா வலதான்னா நாங்க வரிசையைச் சொன்னோம். தள்ளுவண்டிக்காரங்க நடுன்னு சொன்னாங்களே, எதுக்கு? அவங்க நடுவுலதான்டா நிக்கிறாங்க!"

முதலில் சிரித்தது தம்பி பெண்டாட்டி. சிரித்த வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னான்: "சரி. கேள்வி தப்பு. அதனால விடையும் தப்புன்னு ஆயிடாதுக்கா. வழி தப்பாப் போட்டுட்டு விடை சரியா எழுதுற பசங்க இருக்காங்க. இப்ப நான் ஒழுங்காக் கேக்குறேன். அரசியல்ல நீ இடதா, வலதா?"

"இது என்னடா கேள்வி? அப்பா பொண்ணுடா நான். கூலிக்காரன் வயித்துல அடிக்கிறவனைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்னு உனக்குத் தெரியாதா? இடதுதான்."

இதை அவள் பேரத்துக்காகச் சொல்லவில்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"பாத்தியா!" தம்பியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அதே விடை! செருப்புக்கடை அண்ணனைக் கேளு, பாத்திரக்கடை அம்மாவைக் கேளு, அவங்களும் இதைத்தான் சொல்லுவாங்க. எல்லாரும் மூட்டை தூக்கினவங்க புள்ளைங்கதானே!"

அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அக்கா பயந்தாள். இதற்காகவா கிளம்பி வந்தோம் என்று ஆகிவிட்டது. கத்தரிக்கோல் வைத்தால்தான் நிற்கும்.

"இடதுதான். ஆனா ஓட்டு உங்களுக்குப் போடலடா."

"எப்ப போடல?"

"அப்பா போனதுல இருந்து."

துணி மடித்துக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டியின் கை நின்றது.

"யாருக்குப் போட்ட?"

"ஆளுங்கட்சிக்கு."

"ஏன்க்கா?"

"கடை நிக்குது இல்ல, அதுக்கு. ஒவ்வொரு தடவையும் வந்து, இடிக்க மாட்டோம்னு சொல்லிட்டுப் போறாங்க. பொய்யோ நிஜமோ, அடுத்த தேர்தல் வரைக்கும் கடை நிக்குது. உங்காளுங்க என்ன எழுதிக் குடுத்திருக்கீங்க? தெருவை அகலமாக்குவோம், நடைபாதை போடுவோம், பொதுமக்கள் தாராளமா நடக்கலாம். நல்ல விஷயம். எந்த மேடையில சொன்னாலும் கை தட்டுவேன். ஆனா அவங்க நடக்கப் போறது என் கல்லாப்பெட்டி இருக்கிற எடத்துலடா."

"அப்புறம் எதுக்கு இடதுன்னு சொல்ற?"

"அது நான் யாருன்னு சொல்றது. ஓட்டு, எனக்கு எதைக் கண்டா பயம்னு சொல்றது. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு யாருடா சொன்னா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது காய்ச்சலில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான். அக்காவுக்குத் தாங்கவில்லை. தாங்காமல் போனதால் ஒரு வார்த்தை அதிகமாகச் சொன்னாள்.

"மறைக்கணும்னு இல்லடா. நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கியா?"

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான், ஏதோ எதிர்பாராத இடத்தில் சந்தித்த மனுஷியைப் பார்க்கிற மாதிரி.

"இல்ல," என்றான். "கேட்டதே இல்ல."

பிறகு எழுந்து மைதானத்துக்குப் போய்விட்டான்.

அக்கா வீடு திரும்பியபோது மனசு ரணமாக இருந்தது. ஆனாலும் அந்த ரணத்துக்கு நடுவில் ஒரு நிம்மதி. கோபித்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். வேலை தங்கிவிட்டது, வீடு தங்கிவிட்டது. அவ்வளவு பெரிய நஷ்டத்தை இவ்வளவு கசப்போடு தடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

*

திங்கட்கிழமை மதியம், வெயில் இடது வரிசைக்கு வந்து சேர்ந்த நேரத்தில், பஸ் நிலையத்துப் பக்கமிருந்து தம்பி நடந்து வந்தான். அமைப்பாளர் இல்லை, கொடி இல்லை. பள்ளிக்கூட நேரத்தில் வாத்தியார் தெருவில் நடக்கிறார் என்றாலே தெருவுக்குப் புரிந்துவிடும். ஒவ்வொரு கடையிலும் நின்றான். சும்மா கைகூப்பிவிட்டு நகரவில்லை. நின்று ஏதோ கேட்டான், அவர்கள் சொல்வதைக் கேட்டான், சிலர் சொன்னதற்குத் தலையை இல்லை என்று ஆட்டினான்.

அவள் கடைக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எழுதிக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நான் அவ்வளவு சொல்லியுமாடா?"

"நீங்க சொன்னதாலதான்."

'நீங்க' என்றதும் அக்கா தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். துணி உருளைகள்தான் நின்றன.

"என்னடா இது, நீங்க நாங்கன்னு?"

"வாக்காளர் இல்லையா? நேத்து வரைக்கும் அக்கான்னு நெனச்சு உங்களை விட்டுட்டேன். அப்பா வீட்டு ஆளுங்க எல்லாரும் என் பக்கம்னு நெனச்சேன். இந்த வரிசையையும் அப்படித்தான் நெனச்சேன். யாரையும் நான் கேக்கல. கட்சியும் கேக்கல. எந்தப் பக்கம்னு கேட்டோமே தவிர, என்ன வேணும்னு கேக்கல." நெற்றி வேர்வையைக் கையால் வழித்துக்கொண்டான். "வேலையை வெச்சுக்கிட்டு இதைக் கேக்க முடியாது. அதான் விட்டுட்டேன். சொல்லுங்க. உங்க ஓட்டு எனக்கு வேணும். என்ன செஞ்சா போடுவீங்க?"

"பைத்தியமாடா உனக்கு? இன்னிக்கே போய்த் திரும்ப வாங்கிக்கோ. தலைமையாசிரியர் நல்ல மனுஷன்…"

"என்ன செஞ்சா போடுவீங்க?"

அக்கா அவன் கண்ணைப் பார்த்தாள். இறங்கி வருகிற ஆளாகத் தெரியவில்லை.

"கடையை இடிக்க மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். இடிப்பேன். தெரு அகலமாகணும். போன மழைக்கு ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாம ஒரு ஆள் செத்தது உங்களுக்குத் தெரியும். ஆனா வேற எடத்துல கடை குடுத்துட்டுத்தான் இடிப்பேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"ஆமா. நானும் சொல்றேன்."

பேரத்தில் எதிராளி பொய் சொன்னால் அக்காவுக்கு வழி தெரியும். நிஜத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறவனை என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவனுடைய செருப்பு முழுக்கத் தூசி. காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான்.

"போடுறேன், போ," என்றாள்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். சாயங்காலம் வந்து கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர்களை அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி.

"நன்றிங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனான்.

"வாங்க வாங்க வாத்தியாரே!" என்று செருப்புக்கடைக்காரரின் குரல் எழுந்தது. "உங்களை மாதிரி ஆளுங்கதான் வரணும்!"

அக்கா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நிச்சயமா என்று சொன்னோமே, அது எந்தக் குரல் என்று யோசித்தாள். பாசத்தில் வந்ததா, ஆளை அனுப்பிவைக்க வந்ததா? ஓட்டுச்சாவடித் தடுப்புக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது கை எங்கே போகும்? இத்தனை வருஷம் எதிரே நிற்கிறவரின் மனசைத் துணி தடவுகிற விரலிலேயே படித்தவளுக்குத் தன் விரல் பிடிபடவில்லை.

தம்பி பெண்டாட்டி படியேறி வந்தது அப்போதுதான். மருந்துக்கடைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"எங்க நிக்கிறாரு?"

"பக்கத்துக் கடையில." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நீயாவது தடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"சனிக்கிழமை வரைக்கும் அவருக்கே பாதி மனசு இல்ல, அண்ணி. அமைப்பாளர் சொன்ன கணக்கு ரொம்பச் சுத்தமா இருக்கு, அதான் பயமா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. விட்டிருந்தா தானா ஒதுங்கியிருப்பாரு." குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நீங்க வந்து பேசினதுக்கு அப்புறம்தான் உறுதியாயிட்டாரு."

அக்கா கல்லாவை விட்டு எழுந்தாள்.

"நான் நல்லதுக்குத்தான்…"

"தெரியும், அண்ணி."

பக்கத்துக் கடையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அவருக்குப் போடுவீங்களா?" என்று கேட்டாள் தம்பி பெண்டாட்டி.

"நிச்சயமான்னு சொல்லிட்டேனே."

"அவர்கிட்ட சொன்னது இருக்கட்டும்." அவள் ஒரு துணி உருளையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கே தெரியல, அண்ணி. ஜெயிச்சா உங்க கடை போகும். தோத்தா எங்க வீடு போனது போனதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல எல்லாரும் ஆளுங்கட்சி. வந்ததுல இருந்து நான் இவரு பக்கம்னு ஊரெல்லாம் நெனச்சுட்டு இருக்கு. என்னையும் இவரு கேட்டதில்ல. நாளைக்குக் கேப்பாருபோல. என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டே வந்தேன்."

அக்காவுக்கு அவளைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை.

"இந்தத் துணியில கொஞ்சம் வெட்டிக் குடுங்க. குழந்தைங்க ராத்திரி தெரு வெளிச்சத்துல தூங்க மாட்டாங்க."

"புது வீட்டுக்கா? அளவு சொல்லு."

"அளவு எடுக்கல, அண்ணி. வீடு இன்னும் கிடைக்கல."

அக்கா உருளையை இறக்கிப் பலகையில் விரித்தாள். கத்தரிக்கோலைத் திறந்தாள். எவ்வளவு நீளத்தில் வெட்டுவது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.